ஆரணியின் குதிரைப் பெட்டிக்கு ஒரு ஹீற்றர்

1

இந்த நாட்டில் குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு, பாஸ் என்பார்கள். பகிடிக்குச் சொல்லவில்லை. பெயர், பிறந்த திகதி, நிறம், நெற்றியில் உள்ள வெள்ளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுவரை படம் போட்டுக் காட்டும் ஒரு சின்னப் புத்தகம். மகள் ஆரணி அதை விரித்துக் காட்டியபோது, இதை எடுக்க இந்தச் சீவன் எத்தனை வருடம் காத்திருந்தது என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அகதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, பெர்மிட்டை நீட்டி நீட்டி வாழ்ந்த கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு அவளுக்கு அலுத்துப்போய்விட்டது.

குதிரையின் பெயர் ஃப்ளோரா. அதில் என் மகளுக்குப் பாதிப் பங்கு. மற்றப் பாதி, அவளோடு மிருக வைத்தியசாலையில் வேலை செய்யும் ஒரு சுவிஸ் பெண்ணுக்கு. தின்னுகிற பாதி யாருக்கு, சாணி போடுகிற பாதி யாருக்கு என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு மிருகங்களைப் பற்றிப் பகிடி விட்டால் பிடிக்காது. மனிதரைப் பற்றி எதுவும் சொல்லலாம்.

ஊரில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இன்னும் ஒன்றை விளக்க வேண்டும். இங்கே குதிரை வண்டி இழுப்பதில்லை, வண்டியில் போகிறது. காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் ஒரு பெட்டி. இரண்டு குதிரை நிற்கலாம். பின்கதவைச் சாய்த்தால் அதுவே ஏறுபலகையாக நிலத்தில் விழும், துரைசாணி அதில் நடந்து உள்ளே போவா. சனி ஞாயிறுகளில் இந்தப் பெட்டிகளை மலைக்குக் கொண்டுபோய், குதிரையை இறக்கி, காடு மேடெல்லாம் சுற்றிவிட்டு, பின்னேரம் அதைப் புல்லில் கட்டி, அது நின்ற இடத்தைக் கூட்டித் துடைத்து, அதற்குள் மடக்குக் கட்டிலைப் போட்டுப் படுக்கிறார்கள். ஊரில் ஒருவன் மாட்டுக் கொட்டிலில் படுக்கிறான் என்று தெரிந்தால் அவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இங்கே அதற்கு லீவு எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

என் மகளும் போகிறாள். போன புரட்டாதியில் ஒரு நாள் ரெலிபோன் எடுத்தாள்.

"அப்பா, ஒரு ஹீற்றர் வேணும்."

"ஏன் பிள்ளை, வீட்டிலை ஹீற்றர் வேலை செய்யேல்லையோ?"

"வீட்டுக்கு இல்லை அப்பா. குதிரைப் பெட்டிக்கு. ஒக்டோபரிலை யூரா மலையிலை ஒரு குதிரை ஓட்டம் இருக்கு. நான் அங்கைதான் படுக்கிறன். இரவிலை எனக்குக் குளிர் இருக்கு."

எனக்குக் குளிர் இருக்கு. குளிருது என்று சொல்ல வராது. இந்த ஊர்க்காரர் குளிரைப் பையில் வைத்திருப்பதுபோலப் பேசுவார்கள், இவளும் அப்படியே. நான் திருத்தவில்லை. திருத்தினால் அடுத்த வசனம் ஜெர்மனில் வரும் என்று எனக்குத் தெரியும்.

"நீங்கள் பார்த்துச் சொல்லுறீங்களோ? பாதுகாப்பான ஒண்டு. எனக்குத் தேட நேரமில்லை."

ஆரணி வேலை கிடைத்துத் துன் நகரத்துக்குத் தனியே குடிபோன பிறகு எங்களிடம் எதுவும் கேட்டதில்லை. சோலோதுர்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள், சாப்பிடுவாள், தாய் கட்டிக் கொடுக்கும் கறியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போவாள். ஆலோசனை கேட்க அவளுக்குச் சுவிஸ் சிநேகிதிகள் இருந்தார்கள். இப்போதுதான் முதல் தடவையாக என்னைக் கேட்கிறாள். குதிரை, பெட்டி, கொட்டில் வாழ்க்கை எல்லாவற்றையும் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது வேறு விஷயம். இதில் பிழை விட்டால் அவள் இனி என்னிடம் எதுவுமே கேட்கமாட்டாள் என்பது மட்டும் எனக்கு வடிவாக விளங்கியது.

2

முதலில் காம்பிங் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். அங்கே தாடி வைத்த ஒரு பொடியன். அவன் தோற்றத்தைப் பார்த்தால் குளிருக்கு ஒதுங்க இடமில்லாதவன் மாதிரி இருந்தது. ஆனால் போட்டிருந்த ஜக்கெற்றின் விலை என் குளிர்சாதனப் பெட்டியின் விலைக்குக் கிட்ட வரும். குதிரைப் பெட்டிக்கு என்று சொன்னதும் அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சின்ன விறகு அடுப்பு ஒன்று இருக்கிறது, கூரையில் துளை போட்டுப் புகைக்குழாய் விடலாம், மிகவும் ரொமான்டிக் என்றான்.

என் அம்மா விறகு அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்து இருந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதில் ரொமான்ஸ் எதையும் அவ கண்டதாகத் தெரியவில்லை. தரையெல்லாம் வைக்கோல் துகள் கிடக்கும் மரப்பலகைப் பெட்டிக்குள் தணலை வைத்துக்கொண்டு படுக்கச் சொல்லுகிறவனுக்கு நான் என்ன சொல்ல? வேறு காட்டு என்றேன்.

அடுத்தது காஸ். ஒரு சிலிண்டர், அதன்மேல் ஒரு தட்டு. பற்ற வைத்தால் தட்டுச் சிவந்து சூடு வரும். "நாங்கள் எல்லோரும் இதைத்தான் பாவிக்கிறோம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்" என்றான்.

"ஜன்னலைத் திறந்து வைப்பதென்றால் ஹீற்றர் எதற்கு?"

அவன் தோளைக் குலுக்கினான். நான் உயர்தரத்தில் இரசாயனம் படித்தவன். எரிவதற்கு ஒட்சிசன் போதாவிட்டால் காபனோரொட்சைட்டு வரும், நிறமில்லை, மணமில்லை, ஆளுக்குத் தெரியாமலே ஆளை முடிக்கும் என்று எங்கள் மாஸ்டர் கரும்பலகையில் எழுதிப்போட்டது எனக்கு இன்றும் நினைவு. குளிர்காலம் தொடங்கினால் இங்கே பேப்பரில் ஒரு செய்தியாவது வரும், கூடாரத்துக்குள் அடுப்பை வைத்துப் படுத்துவிட்டு எழும்பாதவர்களைப் பற்றி. இவ்வளவு படித்த நாடு, படுக்கையறைக்குள் நெருப்பை வைத்துவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறக்கிறதாம். நான் வெளியே வந்துவிட்டேன்.

அடுத்து ஷாஃப்ஹவுசனில் இருக்கும் குகன் அண்ணை. எங்கள் சனத்துக்கு எதிலாவது சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பது வழக்கம், அவர் தெரியாது என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. கோயில் கொடியேற்றத்துக்குப் பந்தல் போடுகிறவர். நான் கேட்டு முடிப்பதற்கு முன்னமே பதில் வந்தது.

"உதுக்கு ஏன் கடை கடையா அலையிறீர்? கோயில் பந்தலுக்கு வைக்கிற குடை மாதிரிக் காஸ் ஹீற்றர் என்னட்டைக் கிடக்கு. ஆள் உயரம். அரை மணித்தியாலத்திலை உருகிப்போவியள்."

"அண்ணை, அது வெளியிலை வைக்கிறதெல்லோ? இது அடைச்ச பெட்டி."

"கதவைத் துறந்து விடுங்கோவன்."

"கதவைத் துறந்தால் குதிரை ஏறி வந்திடும் அண்ணை."

"அப்ப நல்லதுதானே, குதிரையும் சூடு தரும்."

இப்படித்தான் எங்கள் நிபுணர்கள். சுவிஸ்காரன் ஜன்னலைத் திற என்கிறான், எங்கள் ஆள் கதவையே திற என்கிறார்.

கரண்ட் ஹீற்றர் பாதுகாப்பானது, எரிவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் மலையில் கரண்ட் எங்கே? பால் கறக்கும் கொட்டிலில் ஒரு பிளக் உண்டு, அங்கிருந்து வயர் இழுக்கலாம், ஆனால் வயர்ச் சுருளை முழுதாக விரிக்க வேண்டும், சுருண்டு கிடந்தால் அதுவே சூடேறிப் பற்றும் என்றாள் ஆரணி. நீட்டிய வயரைக் குதிரைகள் மிதிக்கும். அதுவும் சரிவரவில்லை.

கடைசியில் டீசல் ஹீற்றரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எரிவது தனி அறைக்குள்ளே. அதற்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து எடுக்கும், புகையையும் வெளியிலேயே விடும், சூடான காற்று மட்டும் இன்னொரு குழாயால் உள்ளே வரும். அதைப் பெட்டியின் தரையில் துளை போட்டு நிரந்தரமாகப் பூட்டலாமா என்று வாகனப் பரிசோதனை அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அந்த மனிதர் மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார். அது மிருகம் ஏற்றும் வாகனமா, ஆள் வசிக்கும் வாகனமா?

"இரண்டும். ஆனால் ஒரே நேரத்தில் இல்லை."

மறுபக்கத்தில் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. இந்த நாட்டில் ஒரு பொருள் இரண்டு பொருளாக இருப்பது எவ்வளவு பெரிய சிக்கல் என்று எனக்குத் தெரியாதா? நானே முப்பது வருடமாக அந்தச் சிக்கலாகத்தான் இருக்கிறேன். பூட்டினால் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றார். ஆகவே பூட்டத் தேவையில்லாத ஒன்றை வாங்கினேன். சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி, அதற்கு ஒரு பற்றறி. வெளியே தூர வைத்துவிட்டு, சூட்டுக் குழாயை மட்டும் உள்ளே விட வேண்டும். கூடவே காபனோரொட்சைட்டு வந்தால் கத்துகிற அலாரம் ஒன்றும் வாங்கினேன். கடைக்காரன் அது இதற்குத் தேவையில்லை என்றான். அவன் சொன்னதற்காகவே வாங்கினேன்.

3

இந்த ஜன்னல் விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் சனத்துக்கும் இந்த நாட்டுக்கும் நடக்கிற தீராத சண்டை அது.

இவர்கள் மார்கழி தையில், வெளியே பனி கொட்டும்போது, காலையில் எழும்பி எல்லா ஜன்னலையும் ஒரேயடியாகத் திறந்து விடுவார்கள். லுஃப்டன் என்று அதற்குப் பெயர். வீட்டுக்குள் காற்று மாற வேண்டுமாம். பணம் கொடுத்துச் சூடாக்கிய வீட்டைத் திறந்து ஊருக்குச் சூடு கொடுக்கிற புண்ணியவான்கள். எங்கள் கீழ்வீட்டு அம்மா படியில் கண்டால் வணக்கத்துக்கு முன்னம் கேட்பது அதைத்தான், இன்றைக்கு லுஃப்டன் செய்தீர்களா என்று. குளியலறைச் சுவரில் எங்களுக்குப் பூஞ்சணம் பிடித்தபோது அவவுக்கு வந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன்.

எங்களுக்கோ காற்று என்றாலே பயம். பனி பிடிக்கும், மண்டையில் நீர் கோக்கும், நெஞ்சில் சளி கட்டும். ஊரில் மார்கழிப் பனிக்குத் தலையில் துவாய் கட்டாமல் முற்றத்தில் இறங்க விடமாட்டார்கள். மனைவி வசந்தி இன்றும் படுக்கைக்கு முன் வீட்டைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் பூட்டுவாள். கதவின் கீழ் உள்ள இடுக்குக்கும் பழைய சேலையைச் சுருட்டி வைப்பாள். ஊரில் அது பிழையில்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே காற்று தன்பாட்டில் வந்து போகும், எவ்வளவு அடைத்தாலும் வீடு அடைபடாது.

நான் வந்த புதிதில் எங்களை ஒரு பங்கருக்குள் விட்டார்கள். குண்டுக்குப் பயந்து ஊரில் பங்கர் வெட்டிவிட்டு ஓடிவந்தவர்களை, குண்டே விழாத நாட்டில் பங்கருக்குள் விட்டார்கள். பாடசாலைக்குக் கீழே, தடித்த இரும்புக் கதவு போட்டு, யுத்தம் வந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டிவைத்த இடம். இரண்டு தட்டுக் கட்டில்கள், ஜன்னல் கிடையாது. சுவரில் இருந்த ஒரு கம்பித்தட்டு வழியாகக் குளிர்க்காற்று ஓயாமல் வந்து தலையில் விழும். எங்களில் ரவி என்றொருவன் முதல் கிழமையே தான் உடுக்கும் சாரத்தைச் சுருட்டி அதற்குள் அடைத்துவிட்டான். நாங்கள் எல்லோரும் அவனைக் கெட்டிக்காரன் என்று பாராட்டினோம்.

அடுத்த நாள் காலை பொறுப்பாளர் வந்தார். தொப்பை வைத்த, நரைத்த மீசைக்காரர். வந்ததும் மூக்கைச் சுளித்தார், சுவரைப் பார்த்தார், சாரத்தைப் பிடித்து இழுத்தார். பிறகு ஜெர்மனில் ஒரு பிரசங்கம். எங்களுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று கண்டதும் மனிதர் இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பிடித்து, நாக்கை வெளியே தள்ளி, கண்ணைப் பிதுக்கி, தலையைத் தொங்கப்போட்டுக் காட்டினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் போன பிறகும் கிழமைக் கணக்காக ஒருவரைப் பார்த்து ஒருவர் அதைச் செய்து காட்டிச் சிரித்தோம். அந்த இருட்டுக்குள் எங்களுக்குக் கிடைத்த ஒரேயொரு பகிடி அந்த மனிதர்தான்.

4

ஓட்டம் நடந்த சனிக்கிழமை மதியம் நானும் வசந்தியும் மலைக்குப் போனோம். ஹீற்றர் எப்படி வேலை செய்கிறது என்று நான் பார்க்க வேண்டும், பிள்ளை எங்கே படுக்கிறாள் என்று அவள் பார்க்க வேண்டும். வசந்தி இடியப்பம், சொதி, பிளாஸ்கில் கோப்பி, வெந்நீர்ப் பைகள், ஒரு பை நிறையப் பழைய சேலைகள் எல்லாம் கொண்டுவந்தாள். சேலைகள் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

புல்வெளி முழுக்கக் குதிரைப் பெட்டிகள். வைத்தியர்களும் வங்கிக்காரரும் ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, சேற்றுக்குள் நின்று வைன் குடித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஒரு துளி அழுக்கைக் கண்டால் வேலைக்காரியைப் பார்க்கும் ஆட்கள், இங்கே காசு கட்டிச் சேறு பூசிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு நாய். என்னைக் கண்டு குரைத்தவை எல்லாம் நல்ல சாதி நாய்களாம், ஆரணி சொன்னாள்.

ஹீற்றரை அவள் சரியாகவே வைத்திருந்தாள். பெட்டியை விட்டுத் தள்ளி, குழாய் எட்டுகிற தூரத்துக்கு, திறந்த புல்லில். புகைக்குழாய் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே கையை நீட்டிப் பார்த்தேன், இளஞ்சூடு. மேலே பக்கத்துக்குப் பக்கம் காற்றுத் துவாரங்கள், அவை திறந்தபடி. அலாரத்தை வைக்கோல் வலை தொங்கவிடும் கொளுக்கியில் மாட்டியிருந்தாள்.

"நல்லா இருக்கப்பா," என்றாள். "எல்லாரும் வந்து பார்த்தவை. எங்கை வாங்கினதெண்டு கேட்டவை. அப்பா தேடி எடுத்ததெண்டு சொன்னனான்."

நான் குழாயை இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன். அந்த வைன் குடிக்கிறவர்களை அதற்குப் பிறகு கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தேன்.

ஆரணி குதிரையை வைத்தியரிடம் காட்டப் போனாள். ஓடி முடிந்த குதிரைக்கு நாடி பார்ப்பார்களாம். அந்த நேரம் பார்த்துத் தூறல் தொடங்கியது. வசந்தி பெட்டிக்குள் ஏறி ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, மேலாலை காத்து ஊதுது. பிள்ளை இதுக்குள்ளை என்னெண்டு படுக்கும்? தலையிலையெல்லோ அடிக்குது."

"அடைச்சுவிடு," என்றேன்.

சேலைகள் எதற்கு வந்தன என்று அப்போது தெரிந்தது. அவள் மேலே இருந்த துவாரங்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போனாள், நீலம், மஞ்சள், ஒரு பழைய கல்யாணச் சேலை. நான் வெளியே ஹீற்றரைப் பார்த்தேன். புத்தம் புதுச் சாமான், மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. குழாயும் நீளம், பாதிச் சூடு வழியிலேயே போய்விடும். இவர்களுக்கு ஒரு சாமானைக் காக்கத் தெரியாது. நான் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் குதிரைப் பெட்டிக்குக் கீழே, நனையாத இடத்தில் தள்ளி வைத்து, சுற்றிவரத் தறப்பாளைத் தொங்கவிட்டு, காற்று எடுக்காமல் நான்கு பக்கமும் கல்லு வைத்தேன். செய்து முடித்துவிட்டுக் கையைத் துடைத்தபோது எனக்கு எவ்வளவு திருப்தி என்று சொல்ல முடியாது.

ஆரணி திரும்பி வந்தாள். கார் ஓடி, குதிரை ஓடிக் களைத்துப்போயிருந்தாள். தாயின் இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு உள்ளே ஏறியவள், "ஆ, அம்மா, என்ன சூடு!" என்றாள். கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று கட்டிலில் சாய்ந்தாள். வசந்தி கால்மாட்டில் இருந்துகொண்டாள், கதவைச் சாத்தினார்கள். என் கையில் ஃப்ளோராவின் கயிற்றைத் தந்து, புல்லுத் தின்னவிடுங்கோ அப்பா என்றிருந்தாள். நான் அந்தப் பாஸ் வைத்திருக்கும் மிருகத்தைப் பிடித்துக்கொண்டு தூறலுக்குள் நின்றேன். அது என் ஜக்கெற் பையை மணந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று கண்டு, முகத்தைத் திருப்பியது.

எங்கிருந்தோ ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. விட்டு விட்டு, காதைக் கிழிக்கிற சத்தம். இவர்களுடைய ஏதோ ஒரு கருவியாக்கும் என்று நினைத்தேன். குதிரைக்குச் சாப்பாட்டு நேரம் என்றோ, நாய்க்கு மருந்து நேரம் என்றோ கத்துகிற ஏதாவது இருக்கும். பக்கத்துப் பெட்டிக்காரன் வைன் கிளாஸோடு திரும்பிப் பார்த்தான். நானும் சலிப்போடு திரும்பிப் பார்த்தேன். சத்தம் எங்கள் பெட்டிக்குள் இருந்து வந்தது. நான் வாங்கிக் கொடுத்த அலாரம்.

கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் கதவு உள்ளிருந்து திறபட்டது. ஆரணி தாயின் அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தாள். வசந்தி நடந்தாள், ஆனால் கால் தரையில் ஒழுங்காகப் படவில்லை.

"தலை இடிக்குதப்பா," என்றாள் வசந்தி. "சத்தி வருமாப்போலை கிடக்கு."

வைன் கிளாஸ்காரன் கிளாஸை எறிந்துவிட்டு வந்து தறப்பாளைக் கிழித்து ஹீற்றரை நிற்பாட்டினான். என் மனைவியை முதலில் பரிசோதித்தவர் குதிரை வைத்தியர். அவர்தான் அம்புலன்ஸுக்கு அடித்தார். இருவரையும் காற்றுப் படுகிற இடத்தில் இருத்தினார்கள். நான் சேற்றில் நின்றேன்.

ஆரணி எழும்பிப் பெட்டிக்குள் போனாள். போகாதே என்று கத்தினேன், கேட்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு போய் மேலே இருந்த சேலைகளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நீலத்தையும் மஞ்சளையும் என் முன்னால் பிடித்தாள். எதையோ சொல்ல வந்தாள். முகம் கோபத்தில் சிவந்திருந்தது, வாய் திறந்திருந்தது, தமிழ் வரவில்லை. இந்த ஒரு முறை அவள் ஜெர்மனுக்குப் போகவும் இல்லை. எனக்கு விளங்கியே ஆக வேண்டும் என்று நினைத்தாளோ தெரியாது. சேலைகளைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பிடித்தாள். நாக்கை வெளியே தள்ளினாள். கண்ணைப் பிதுக்கி, தலையைத் தொங்கப்போட்டாள்.

அந்தத் தொப்பைக்காரர் செய்து காட்டியது அச்சு அசலாக இதுதான். அன்றைக்கு முழுப் பங்கரும் சிரித்தது. நான் குதிரைப் பெட்டியின் சில்லைப் பிடித்துக்கொண்டு சேற்றில் இருந்துவிட்டேன்.

5

மலைக்குக் கீழே இருந்த ஆஸ்பத்திரியில் இருவருக்கும் முகமூடி போட்டு ஒட்சிசன் கொடுத்தார்கள், இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஆரணிக்கு ஒன்றும் இல்லை, அவள் கதவுப் பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தாள். வசந்திக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கினார், முடிக்கவில்லை. முடித்திருந்தால் நல்லது. முடிக்காத வசனம் இன்றும் என் காதுக்குள் நிற்கிறது.

நேர்ஸ் வசந்தியின் நெஞ்சைத் தொட்டு ஏதோ செய்யச் சொன்னாள். முப்பது வருடம் இங்கே வேலை செய்தவளுக்கு அந்த நேரத்தில் ஒரு சொல் ஜெர்மன் ஓடவில்லை, பேந்தப் பேந்த முழித்தாள். ஆரணி என் பக்கம் திரும்பினாள். மலையிலிருந்து வந்ததிலிருந்து என்னோடு கதைக்கவில்லை, இப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை.

"உள்ளை இழுத்து வெளியை விடுறது... அது என்னெண்டு சொல்லுறது?"

"மூச்சு," என்றேன். "மூச்சை இழுத்து விடு."

அவள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அம்மா, மூச்சை இழுத்து விடுங்கோ. இன்னொருக்கா. மூச்சை இழுத்து விடுங்கோ." ஒரு புதுச் சொல்லைப் பழகுகிற குழந்தை மாதிரி அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் கதவோரம் நின்றேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.

வசந்தியை மறுநாள் வீட்டுக்கு விட்டார்கள். ஃப்ளோராவைத் தேடிப் போன ஆரணி, அது நான் விட்ட இடத்திலேயே நின்று புல் தின்றதாகத் தாய்க்குப் போனில் சொன்னாள். நான் கயிற்றை விட்டு ஓடியது அதற்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. அவ்வளவு அறிவுள்ள மிருகம். ஹீற்றரில் ஒரு பிழையும் இல்லை, வெளியே வைத்தால் அது இன்றும் ஒழுங்காக வேலை செய்கிறது. தறப்பாளுக்குள் தேங்கிய தன் புகையையே அது இழுத்துப் பெட்டிக்குள் விட்டது, அதை அடைத்தவனில்தான் பிழை. இதைக் கீழ்வீட்டு அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தை அவவுக்குக் கொடுக்க நான் இன்னும் தயாரில்லை. ஆனால் காலையில் வசந்தி எழும்ப முன்னம் நான் எழும்பி ஜன்னலைத் திறக்கிறேன். குளிர் முகத்தில் அடிக்கிறது. மகா கேவலமான பழக்கம்தான்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு ஆரணி வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. தாயோடு போனில் கதைத்தாள், என்னைக் கேட்கவில்லை. நான் அதை எதிர்பார்த்தேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் வசந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவள் என்னிடம் நீட்டுவாளோ என்று. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு வெட்டும்போதுகூட எனக்கு அந்தக் கழுத்தைப் பிடித்த கைதான் தெரிந்தது.

நேற்றுப் பின்னேரம் என்னுடைய போன் அடித்தது.

"அப்பா."

"சொல்லு பிள்ளை."

"மழை தொடங்கீட்டுது. ஃப்ளோராவுக்குக் குளிருது."

குளிருது என்றாள். நான் மூச்சுக் காட்டவில்லை.

"அவளுக்குப் போர்வை ஒண்டு வேணும். வெளியிலை நிக்கேக்கை போடுறது. கனக்க வகை இருக்கு, எனக்குத் தேட நேரமில்லை. நீங்கள் பார்த்துச் சொல்லுறீங்களோ?"

"ஓம்," என்றேன்.

"ஆனால் அப்பா, ஒண்டு. தண்ணி உள்ளை போகக் கூடாது. ஆனால் அது மூச்சு விட வேணும். விளங்குதோ? மூச்சு விடுற துணி."

"விளங்குது பிள்ளை."

குதிரைக்குப் போர்வையாம். அதுவும் மூச்சு விடுகிற போர்வை. எனக்கு முதல் குளிர்காலத்தில் கிடைத்தது ஒரு சாம்பல் நிறக் கம்பளி, அதற்குள் மூட்டைப்பூச்சி மட்டும்தான் மூச்சு விட்டது. இன்று வேலை முடிந்து இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஒன்று மெல்லிசு, மற்றது கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் போலத் தெரிந்தது. நாளைக்கு மூன்றாவது கடைக்குப் போகிறேன்.